அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்

தையல்காரம்மாவுக்குப் பிடிக்காத படத்தை எடுத்தவர்கள் நல்லவேளையாக அவர் கடைப்பக்கம் வருவதில்லை. வந்திருந்தால், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே நறுக்கென்று நாலு கேள்வி கேட்டிருப்பார். பேன்ட்டுக்குக் கீழ்மடிப்பு, ஜிப் மாற்றுவது, உடம்பு போட்டவர்களுக்குத் தையல் பிரித்துவிடுவது என்று நாள் முழுக்கக் கடையில் வேலை ஓடும். மிஷினுக்குப் பக்கத்தில், நூல்கண்டுப் பெட்டிமேல் சாய்த்துவைத்த டேப்லெட்டில் படமும் தொடரும் ஓடும். வீட்டு டிவி கணவரின் விளையாட்டுச் சேனல்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று, அதனால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பக் குழுவில் அவருடைய குரல்பதிவு வந்துவிடும். சொந்தக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் எதைப் பார்ப்பது, எதைக் கழித்துக்கட்டுவது என்று முடிவு செய்வார்கள்.

"அந்தப் போலீஸ் படம் பாத்தேன். துப்பறியறவன் யோசிக்கவே மாட்டேங்கறான்பா. பொணத்தைப் பாத்தான், திரும்பினான், கொலைகாரன் பேரைச் சொல்லிட்டான். நமக்கு ஒரு வாய் தண்ணி குடிக்க நேரமில்ல. பேய்ப் படம் தேவலாம். பேய் நல்ல சுறுசுறுப்பு, வந்த வேலையைப் பாத்துட்டுப் போயிடுது. அந்தச் சமையல் போட்டில நடுவருங்க வாயில போட்டதும் முழுங்கிடறாங்க, உப்பு எப்படித் தெரியும்? ஆனா அந்த வயசான ஹீரோ ஆடறாரே, அவருக்கு மட்டும் கும்பிடு போடணும். அது எலும்பா, ரப்பரா!"

மொத்தத்தில் அவர் கட்சி ஒன்றுதான். இந்தக் காலத்துப் படக்காரர்களுக்குப் பொறுமை என்பதே இல்லை. காதலிப்பதும் அவசரம், செத்துப்போவதும் அவசரம்.

இதைக் காது கொடுத்துக் கேட்டவர்களில் முக்கியமானவர் அவருடைய மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு எடிட்டிங்தான் தொழில், ஒரு குடும்பத் தொடருக்கு வேலை செய்துகொண்டிருந்தார். அந்தத் தொடரைப் பற்றியும் மாமியார் தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு அழ ஆரம்பிக்கறதுக்குள்ள மூக்கைச் சிந்திட்டு எந்திரிச்சுப் போயிடறா. பாவம், அவளை நிம்மதியா அழ விடுங்க."

மாப்பிள்ளை அழ விட்டார். அடுத்த வாரம், "பரவால்ல, ஆனா இன்னும் பறக்கறாங்க" என்று பதிவு வந்தது. இன்னும் கொஞ்சம் நீட்டினார். இயக்குநர் முணுமுணுத்தார், உடன் வேலை செய்பவர்கள் கொட்டாவி விட்டார்கள். மாப்பிள்ளை அசரவில்லை. "எங்க அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும். அவங்கதான் உண்மையான பார்வையாளர்" என்று சாதித்துவிட்டார்.

ஒரு ஞாயிறு மதியம் தையல்காரம்மாவும் கணவரும் மகள் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் ஒப்படைக்க வேண்டிய கடைசிப் பகுதியை முதலில் அத்தைக்குத்தான் போட்டுக் காட்டுவேன் என்று மாப்பிள்ளை பிடிவாதமாக அழைத்திருந்தார். செருப்பைக் கழற்றியதும் மகள் அம்மாவைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"அம்மா, இன்னைக்கு மட்டும் நல்லா இருக்குன்னு சொல்லிடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏண்டி, என்ன ஆச்சு?"

"தொடர் நத்தை மாதிரி நகருதுன்னு எல்லாரும் பாதியில நிறுத்திடறாங்களாம். கடைசிப் பகுதியும் இப்படியே இருந்தா அடுத்த பாகத்துக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்னு தயாரிப்பாளர் சொல்லிட்டார். இவர்கிட்ட வேற வேலை எதுவும் கையில இல்லம்மா."

தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. "நத்தையா? அந்தத் தொடரா? அந்த ஆளுக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?" என்று கொதித்துக்கொண்டே கூடத்துக்கு வந்து, பெரிய டிவிக்கு எதிரே உட்கார்ந்தார்.

படம் ஆரம்பித்தது. கதாநாயகி ஒரு வாடகை வீட்டைக் காலி செய்கிறாள். அலமாரியைத் திறந்தாள். திறந்துகொண்டே இருந்தாள். பக்கத்து அறையிலிருந்து அவள் தம்பி, மயக்க மருந்து கொடுத்தவன் மாதிரி, "அக்...கா... போ...லா...மா" என்றான். தையல்காரம்மா கணவரைப் பார்த்தார். கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, உங்க டிவில ஏதோ கோளாறு. எல்லாரும் இழுத்து இழுத்துப் பேசறாங்க."

"டிவி நல்லாத்தான் இருக்கு அத்தை."

"என் டேப்லெட்ல இப்படி இல்லையே!"

மாப்பிள்ளை அவர் கைப்பையிலிருந்த டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு முறை பார்த்தார், மறுபடி பார்த்தார். பிறகு சோபாவில் மெல்ல உட்கார்ந்தார். "அத்தை, இதுல எல்லாமே ஒன்றரை மடங்கு வேகத்துல ஓடுது. குரல் மாறாததால உங்களுக்குத் தெரியல. எப்பலேருந்து இப்படி?"

வாங்கின புதிதிலிருந்தே என்பதைக் கணவர்தான் சொன்னார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர், பொத்தான் எதைக் கண்டாலும் அமுக்கிப் பார்க்காமல் இருக்க மாட்டார். "சீக்கிரம் பாத்து முடிச்சா என்கூட நாலு வார்த்தை பேசுவேன்னு நெனச்சேன்" என்றார் தரையைப் பார்த்து. "நீ என்னடான்னா இன்னும் நாலு தொடர் சேத்துப் பாக்க ஆரம்பிச்சுட்டே."

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போலீஸ்காரனைத் திட்டியது, நடுவர்களைக் கேலி செய்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அந்த வயசான ஹீரோ உண்மையில் எவ்வளவு மெதுவாக ஆடியிருப்பார் என்று நினைத்தபோது மானமே போனது. அதெல்லாம் போகட்டும். மகளின் குடும்பத்துக்குச் சோறு போடும் வேலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"இனிமே நான் எதைப் பத்தியும் வாயைத் திறக்க மாட்டேன் மாப்பிள்ளை. என்னால உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்!"

மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, மாமியாருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க பாத்தது தப்பா இருக்கலாம். கேட்டு ஆடினது நான்தானே அத்தை? எனக்கே கொட்டாவி வந்துச்சு, அப்பவும் உங்க பதிவைத்தான் நம்பினேன். இப்ப நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா உக்காந்து பாருங்க. நான் உங்களைப் பாத்துக்கறேன்."

மறுபடி முதலிலிருந்து ஓடியது. மாப்பிள்ளை மடிக்கணினியை வைத்துக்கொண்டு படத்தைப் பார்க்காமல் மாமியாரையே பார்த்தார். வாயை இறுக மூடியிருந்த தையல்காரம்மாவுக்குத் தன் கைகள் என்ன செய்கின்றன என்பது தெரியவில்லை. அலமாரிக் காட்சியில் இடது கை சோபா உறையின் ஓரத்தைத் தடவிப் பிரிந்த நூலைத் தேடியது. தம்பி பேசும்போது அதைச் சுருட்டியது. நாயகி சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, குனிந்து நூலைப் பல்லால் கடித்தேவிட்டார். கை எங்கெல்லாம் நூலைத் தேடியதோ அங்கெல்லாம் மாப்பிள்ளை ஒரு குறி போட்டுக்கொண்டார்.

"இந்த உறையை எவன் தைச்சான், இப்படிப் பிரியுது?" என்று தையல்காரம்மா நடுவில் கேட்டார். அங்கேயும் ஒரு குறி விழுந்தது.

அதன்பின் மாப்பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பெரியவர்கள் காபி குடித்தார்கள். கணவர், வேறு வழியில்லாமல் டிவியும் டேப்லெட்டும் அணைந்து கிடந்த அந்த நேரத்தில், மனைவியோடு ஆசைதீரப் பேசினார். பாதி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார், ஆனாலும் முகம் மலர்ந்துதான் இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். நாயகி அலமாரியைத் திறந்தாள், காலியாக இருந்தது, மூடினாள். தம்பி கூப்பிட்டான். அவள் சுவர்களைப் பார்க்கவில்லை. ஒரே ஓர் ஆணியை மட்டும் பார்த்தாள், அதில் முன்பு ஏதோ படம் மாட்டியிருந்திருக்க வேண்டும். சாவியைக் கையில் எடுத்தாள், வெளியே வந்தாள், கதவைச் சாத்தினாள்.

திரை இருண்டது. தையல்காரம்மா மூக்கை உறிஞ்சினார்.

மாப்பிள்ளை அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மடிக்கணினியைத் திருப்பி, தயாரிப்பாளருக்கு அப்படியே அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பதில் வந்தது. மகள் பறித்துப் படித்தாள். "இதைத்தான்யா இத்தனை நாளாக் கேட்டேன். அடுத்த பாகம் பத்திப் பேசணும், நாளைக்கு வா" என்றிருந்தது. மகள் கணவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மாமனார் தானே படம் எடுத்த மாதிரி எழுந்து நின்று கைதட்டினார்.

தையல்காரம்மா மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. இருண்ட திரையையே பார்த்துக்கொண்டு, கன்னம் நனைந்ததைத் துடைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அது கிடக்கட்டும் மாப்பிள்ளை" என்றார். "வீட்டைப் பூட்டிட்டு இந்தப் பொண்ணு இப்ப எங்க போவா?"