இரண்டாவது கட்டம்

வாசலூர்பட்டி காளியண்ணன் தன் ஜீப்பில் அந்த எத்தியோப்பியாக்காரரைக் கொண்டுவந்து எங்கள் மலை ஆஸ்பத்திரியில் இறக்கியபோதே அவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. பெயர் தாவித். கேழ்வரகு ஆராய்ச்சிக்காக வந்து காளியண்ணன் வீட்டில் தங்கியிருந்தார். பாறையில் வழுக்கிக் காலில் பட்ட காயத்தைச் சின்னதுதானே என்று விட்டுவிட்டார். இப்போது முழங்கால்வரை வீக்கம், உடம்பு அனலாய்க் கொதித்தது. அத்தனை படித்தும் இந்த அலட்சியம். நர்ஸான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் ஆரோக்கியராஜ் பென்சிலின் போடச் சொன்னார். குப்பியைப் பார்த்ததும் தாவித் கையால் தள்ளினார், ஏதோ முனகினார், அப்புறம் கண்ணே திறக்கவில்லை. ஊசி பயமா, மருந்தே ஆகாதா? ஆகாத உடம்பில் ஏறினால் மூச்சடைத்து அங்கேயே முடிந்துவிடும்.

அவருடைய செல்போன் விழுந்ததில் உடைந்திருந்தது. மனைவியின் மின்னஞ்சல் முகவரி மட்டும் காளியண்ணனிடம் இருந்தது. பென்சிலினால் இவருக்கு முன்பு ஆபத்து வந்திருக்கிறதா என்று ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் கேட்டேன். பதில் சீக்கிரமே வந்தது. இரண்டே இரண்டு கட்டங்கள். தன் மொழியில் எழுதிவிட்டார் அந்த அம்மாள். எங்கள் ஓட்டைக் கம்ப்யூட்டருக்கு அந்த எழுத்து தெரியவில்லை. திரும்பக் கேட்பதற்குள் காற்றில் மரம் சாய்ந்து நெட் போய்விட்டது. மலைப்பாதையிலும் மரம் விழுந்து, அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த ஆம்புலன்ஸ் நடுவழியில் நின்றது.

“இன்னும் காத்திருந்தா கிருமி ரத்தத்துல பரவிடும், சிஸ்டர்” என்று டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். வேறு மருந்து இருந்தது, ஆனால் மெதுவாகத்தான் கேட்கும். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

திரையருகே முகத்தைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எறும்பு மாதிரி எண்கள், நடுவே ஆங்கில எழுத்தும் கலந்து. உலகத்தில் எந்த எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் ஓர் எண் உண்டு, உருவம் இல்லாவிட்டால் எண்ணையாவது காட்டும் என்று என் தம்பி இளங்கோ சொல்லியிருக்கிறான். சேந்தமங்கலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். லேண்ட்லைன் மட்டும் உயிரோடு இருந்தது, அதில் அவனைப் பிடித்தேன்.

“குறிச்சுக்கடா. ஒண்ணு, ரெண்டு, ஆத்தூர் A, சைபர்.”

அவன் தேடிவிட்டுச் சொன்னான். அந்த மொழியில் ஆமாம் என்பதும் இல்லை என்பதும் அதே எழுத்தில்தான் தொடங்குகின்றன. இரண்டுக்குமே இரண்டெழுத்துதான்.

“ரெண்டாவது கட்டத்துலதான்க்கா இருக்கு.”

“ஒண்ணு, ரெண்டு, சென்னை C, ஈரோடு E.”

லைன் கரகரத்தது. கேட்கவில்லை என்றான். டாக்டர் பஞ்சால் தாவித்தின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் ஒயரை இழுத்துக்கொண்டே போய் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் பிடித்தேன். டாக்டர் என்னை முறைத்தார், கையை மட்டும் உருவவில்லை.

“ஏனுங்க டாக்டர், சித்த பொறுங்க” என்றார் காளியண்ணன்.

“சென்னை C. ஈரோடு E” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

“ஆமாங்குதுக்கா. போட்றாதீங்க.”

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு மற்ற மருந்தை எடுத்தார். குப்பியின் ரப்பர் மூடியில் ஊசி குத்தவில்லை, பக்கத்தில் பக்கத்தில் போய் வழுக்கியது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

“நீங்களே போடுங்க, சிஸ்டர். எனக்குக் கை நிக்கல.”

போட்டேன். பிறகு மூவரும் தாவித்தின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது மெல்ல ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது.