ஒரு வீட்டுக்கு ஒரு டிக்கெட்

...இல்லை, மிட் வேலி மால் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், அதைத் தாண்டிவிட்டால் அவர் பார்க்கிங் தேட ஆரம்பித்துவிடுவார், பார்க்கிங் தேடுகிற கென்னத்திடம் வீடு தீப்பற்றி எரிகிறது என்று சொன்னாலும் "இரு மா, அந்த மைவி கார் வெளிய வர்ற மாதிரி இருக்கு" என்பார், ஆகவே இப்போதே, முன்னால் போகிற இந்த லோரியைத் தாண்டியதும், என்று வலேரி மூன்றாவது முறையாக நினைத்துக்கொண்டாள். லோரியையும் தாண்டியாயிற்று. கைப்பையின் உள்ஜிப்பில் ஜெபமாலையோடு அந்தச் சினிமா டிக்கெட் கிடக்கிறது... கிள்ளான், புதன்கிழமை, மாலை ஐந்தரை, எஃப் ஏழு, ஒரே ஓர் இருக்கை. கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் அவள் தனியாகப் பார்த்த ஒரே படம், அதுவும் புருஷனிடம் மாதா கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு. இன்றைக்கு அதை எல்லார் முன்னாலும் மேசையில் வைக்கப்போகிறாள். வைத்தே தீருவாள். பொய் வெளியே வந்தால் வரட்டும், ஆனால் அத்தனை பேர் நடுவில் வைத்தா அவருக்குத் தெரியவேண்டும், அதனால்தான் காரிலேயே சொல்லிவிடலாம் என்று... கென்னத் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி தன் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "லேடீஸ் அண்ட் ஜென்டல்மேன், இந்த வருஷம் எங்க வீட்டுப் படம்..." எங்க வீட்டுப் படம். வீட்டுக்கு எப்படி ஒரு படம் பிடிக்கும், வீட்டுக்கு என்ன கண்ணா இருக்கிறது?

எல்லாம் ராதாகிருஷ்ணன் அங்கிள் போட்ட சட்டம். பதினெட்டு வருஷமாக ஜனவரி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையின் மாடியில் இருபது பேர் கூடி, போன வருஷம் பார்த்த படங்களில் மிகப் பிடித்த ஒன்றைச் சொல்லவேண்டும், ஆளுக்கு மூன்று நிமிஷம். திருட்டு விசிடியில் பார்த்துவிட்டு வந்து வாய்கிழியப் பேசியவர்களை அடக்குவதற்காக, டிக்கெட் இல்லையென்றால் படம் இல்லை என்பது முதல் சட்டம், டிக்கெட்டை அங்கிள் தன் தடித்த நோட்டுப் புத்தகத்தில் பசை தடவி ஒட்டுவார், இப்போது எல்லாம் கைப்பேசிக்கே வந்துவிட்டாலும் விடமாட்டார், கவுண்டரில் கெஞ்சியாவது அச்சடித்து வாங்கி வரவேண்டும். ரயில்வேயில் முப்பது வருஷம் இருந்தவர், காகிதம் கையில் இல்லாவிட்டால் பயணமே நடக்கவில்லை என்று நினைக்கிற ஆள். இரண்டாவது சட்டம்தான், ஒரு வீட்டுக்கு ஒரு டிக்கெட். முதல் வருஷமே ராஜனும் அவர் மனைவியும் ஆளுக்கொரு படத்தைச் சொல்லி, சாம்பாரில் தொடங்கிய சண்டை ரசத்துக்கு வருவதற்குள் முற்றி, ராஜன் செருப்பை விட்டுவிட்டு எல்ஆர்டி ரயில் ஏறிப் போய்விட்டார், அதிலிருந்து. அப்போது வலேரியும் சேர்ந்துதானே சிரித்தாள், சட்டத்துக்கு முதலில் கை தூக்கியதே அவள்தானே? அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் கென்னத் பேசுவார், அவள் பக்கத்தில் நின்று தலையாட்டுவாள், எல்லாரும் கைதட்டுவார்கள், அந்தப் படம் அவளுக்கும் பிடித்த படமாகிவிடும். அப்படிப் பதினேழு படங்கள். அதில் நான்கின் கதை இப்போது அவளுக்கு நினைவுகூட இல்லை.

ஆனால் அந்த பிரிட்ஜ் படம்... பேச்சுவார்த்தையில்லாத ஓரகத்திகள் இரண்டு பேர், செத்துப்போன மாமியாரின் பழைய பிரிட்ஜை ஒரு சின்ன லோரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான் கதை. பாட்டு இல்லை, அடிதடி இல்லை. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு கென்னத் சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பிரிட்ஜ் பாக்க டிக்கெட் வாங்கணுமா? எலக்ட்ரிக் கடையில சும்மாவே பாக்கலாம்லா!" அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, சுங்கை வே தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்ததும் கிள்ளானுக்குப் போய்விட்டாள். தியேட்டரில் அவளோடு சேர்த்து நான்கு பேர். மூடாமல் திறந்து திறந்து கொள்கிற பிரிட்ஜ் கதவை அந்த இளையவள் வழி முழுக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டே வருகிறாள், வெயில், தூசி, யாரும் அவளைப் பிடிக்கச் சொல்லவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை, கை மாற்றுகிறாள், மறுபடி பிடிக்கிறாள்... வலேரி அழுதாள். சத்தமாகவே அழுதாள். ஏன் என்று இன்னும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் "நவநாள் எப்படி மா?" என்றார், "ரொம்பக் கூட்டம்" என்றாள், நாக்கு கூசவே இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது ஃபாதர், படம் நல்லா இருந்துச்சா என்று கேட்டார். ஆமாம் ஃபாதர் என்றாள். அப்புறம் ஏன் புருஷனிடம் சொல்லவில்லை என்றார். அடிக்கிற மனுஷனா, திட்டுகிற மனுஷனா, ஒன்றும் இல்லை, பிரிட்ஜ் என்று ஒரு சிரிப்பு சிரிப்பார், அந்தச் சிரிப்பு அந்தப் பெண்ணின் கைமேல் விழுந்துவிடக்கூடாது, அவ்வளவுதான்... மிட் வேலி வந்துவிட்டது. போய்விட்டது. "இரு மா, அங்க ஒருத்தன் ரிவர்ஸ் லைட் போடறான்" என்றார் கென்னத்.

மாடியில் இலை போட்டாயிற்று. கிள்ளானில் சலூன் வைத்திருக்கிற குளோரியா பேய்ப் படம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள், பேயைவிடப் பேயின் தலைமுடி எவ்வளவு அழகு என்பதிலேயே இரண்டு நிமிஷம் போய்விட்டது. "அக்கா, பேய்க்கு ரீபாண்டிங் பண்ணி விடுவீங்களா?" என்று ராஜன் கத்தினார். அடுத்தது அவர்கள் வீடு. கென்னத் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், பையிலிருந்து அந்த மாப்பிள்ளை படத்து டிக்கெட்டை எடுத்தார், போலி மாப்பிள்ளையாக ஒரு வீட்டுக்குள் நுழைந்து லூட்டி அடிக்கிறவன் கதை, அவளும் எழுந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் ஜிப்பைத் திறந்து டிக்கெட்டை மேசையில் வைத்தாள். "அங்கிள், இது என்னோட படம்."

கென்னத் அதை எடுத்துப் பார்க்கவில்லை, குனிந்து படித்தார். தேதியில் அவர் விரல் நின்றது. ராதாகிருஷ்ணன் அங்கிள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "ரூல் ரூல்தான் மா, ஒரு வீட்டுக்கு ஒண்ணு" என்றார். வீடு ஒண்ணுதான் அங்கிள், தலை ரெண்டு இருக்கே, என்றாள் வலேரி, தன் குரல்தானா இது. "அப்படிப் போடு!" என்றாள் குளோரியா. அங்கிள் வழக்கம்போல அவள் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பினார். "கென்னத், நீ என்ன சொல்றே?" "அவரைக் கேக்காதீங்க அங்கிள். டிக்கெட் என்னோடது." பிறகு மூன்று நிமிஷம் பேசினாள், எப்படிப் பேசினாள், பிரிட்ஜ் கதவை அந்த இளையவள் எப்படிப் பிடித்தாள் என்று கையை நீட்டிக் காட்டியது மட்டும் தெரிகிறது, யாரோ சிரித்தார்கள், காட்டிக்கொண்டே இருந்தாள், சிரிப்பு நின்றது. ராஜனின் மனைவி அப்பளத்தை நொறுக்குவதை நிறுத்திவிட்டாள். அங்கிள் பசைக் குப்பியின் மூடியைத் திருகித் திறந்தார், அதுதான் தீர்ப்பு.

உட்கார்ந்தபோது கென்னத் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நவநாள்ல ரொம்பக் கூட்டம்னு சொன்னியே." "ஆமா." "எத்தனை பேரு?" "நாலு பேரு." அவர் தலையை மெல்ல ஆட்டினார். கோபமா, வலியா, அவளுக்குப் பிடிபடவில்லை, கோபத்துக்கென்று தயாரித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் நாக்கில் வரிசையாக நின்றன, ஒன்றுக்கும் வேலை வரவில்லை. அங்கிள் கையை நீட்டி, "சரி, இந்த வருஷம் ரெண்டையும் ஒட்டிடறேன், உன்னோடது குடு" என்றார். கென்னத் மாப்பிள்ளை படத்து டிக்கெட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வேணாம் அங்கிள்." "ஏன், உங்களோடதும் ஒட்டட்டும் கென், நான் கேட்டதே அதுதானே" என்றாள் அவசரமாக, இப்படி ஒதுங்கிக்கொள்வதா, தான் ஜெயிக்கவா இதைச் செய்தாள். "அது என் படம் இல்ல மா" என்றார் தாழ்ந்த குரலில். "நீ விழுந்து விழுந்து சிரிச்சே அதுல. வருஷா வருஷம் நீ எதுக்குச் சிரிக்கிறியோ அதத்தானே நான் சொல்றேன்."

அவள் சிரித்தது முன்வரிசையில் குறட்டை விட்டுத் தூங்கிய ஓர் ஆளைப் பார்த்து. அதை இப்போது சொல்வதா? பதினேழு படங்கள், பதினேழு தடவை இருட்டில் அவர் பக்கவாட்டில் திரும்பி, எப்போது சிரிக்கிறாள், எப்போது கொட்டாவி விடுகிறாள் என்று... "அப்போ உங்களுக்குப் பிடிச்சது எது கென்?" கென்னத் வாயைத் திறந்தார். ஊரையே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க வைக்கிற மனுஷன், பதில் தேடி மேலே சுழல்கிற காற்றாடியைப் பார்த்தார், மேசை விரிப்பைப் பார்த்தார், "இரு மா, யோசிக்கறேன்" என்றார். அடுத்த ஆள் எழுந்து தொண்டையைச் செருமிப் பேச ஆரம்பித்துவிட்டார், வலேரி அதைக் கேட்கவில்லை, அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள், திரை வெளிச்சத்தில் இவர் முகம் எப்படி இருக்கும், எந்த இடத்தில் கண்ணைத் துடைப்பார், துடைப்பாரா... எவ்வளவு முயன்றும் திரைதான் ஞாபகத்துக்கு வந்தது, ஒரு தடவையாவது அவள் அவர் பக்கம் திரும்பியிருக்கிறாளா?