பேசாலைக்குப் போன நங்கூரம்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் துறைமுகத்தில் நெடுங்காலமாகக் கிடந்த இரும்பு நங்கூரம் 1987 மார்கழியில் மன்னார் பேசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. போன விதம் சுலபமானது. அந்தோனிதாசன் அதன்முன் நின்று படமெடுத்து, ஊரிலிருந்த மனைவி மேரிசெலினுக்குத் தபாலில் அனுப்பினான். அவள் உறையைக் கிழித்த அன்று இங்கே நங்கூரம் இல்லை, அங்கே அவளது முற்றத்தில் கிடந்தது. அவள் அதில் ஆட்டைக் கட்டினாள்.

அந்தக் காலத்தில் டென்மார்க்குக்கு அகதியாக வந்த எங்கள் பொடியன்கள் எல்லாரும் செய்த வேலைதான் அது. எங்களிடம் இருந்தது ஒரேயொரு தோல் ஜாக்கெட், எங்களில் மூத்த குணசேகரத்தினுடையது. கமராவும் அவருடையதே. இரவல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நகரத்தின் பேர்போன சின்னங்களுக்கு முன்னால் பல்லைக் காட்டி நின்று, நான் நல்ல சுகம் என்று வீட்டுக்குக் காட்டுவோம். எங்கள் படங்களோடு ஒன்றும் போகவில்லை. அந்தோனிதாசனின் படங்களோடு மட்டும் போயிற்று, ஏனென்று கேட்டால் நான் எங்கே போக? நங்கூரத்துக்குப் பிறகு, பழைய வெள்ளம் ஏறிய உயரத்தைக் குறித்த கல் போனது. பிறகு வெண்கல மாலுமி போனார். நகரசபை கோபிக்கவில்லை. “இது தற்போது பேசாலையில் உள்ளது” என்று டெனிஷில் பித்தளைத் தகடு அடித்து, வெறுமையாகிப்போன ஒவ்வொரு இடத்திலும் நட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது.

அந்தோனிதாசன் கேட்டது மனைவியையும் கிளோறியா, றொஷானி என்ற இரண்டு பெண்பிள்ளைகளையும் மட்டும்தான். அவர்களைக் கூப்பிடச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் தமிழரின் விண்ணப்பங்களை மட்டும் கொப்பன்ஹேகனில் கையால் தொடாமல் மூலையில் போட்டிருந்தார்கள். அவன் கிழமைதோறும் போய்க் கேட்பான். முடிவு வரவில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புவார்கள். அந்த மரியாதையிலேயே மனிதனுக்கு விசர் பிடித்துவிடும்.

ஒருநாள் குணசேகரத்திடம் சொன்னான்: “அண்ணை, கல்லுக்கு ஒருத்தரும் விசா கேக்கேல்லை. அவளைப் பிள்ளையளோடை நிண்டு படமெடுத்து இஞ்சை அனுப்பச் சொல்லப்போறன்.”

மேரிசெலின் பிள்ளைகளோடு கடற்கரையில் மாதா சுரூபம் வைத்த கெபியின் முன் நின்று படமெடுத்து அனுப்பினாள். உள்ளே மாதாவோடு, மெழுகுதிரி எரிந்தபடியே கெபி வந்தது. அவர்கள் வரவில்லை. அடுத்த தடவை பிள்ளைகளைக் கோயில் தூணோடு சேர்த்துத் தன் சீலையால் இறுக்கிக் கட்டிவிட்டு எடுத்தாள். தூண் துறைமுகத்தில் வந்து நின்றது. சீலை முடிச்சு அவிழாமலே இருந்தது, உள்ளே பிள்ளைகள் இல்லை. அந்தோனிதாசன் அந்த வெறும் சுற்றுக்குள் கையை விட்டுத் துழாவினான். பிறகு நிலத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதான். பஸ்ஸுக்கு நின்ற சனம் பார்த்துக்கொண்டு நின்றது.

அடுத்த மாரியில் றொஷானிக்குக் காய்ச்சல் கண்டது. ஆசுப்பத்திரிக்குப் போகும் பாதையை ஆமிக்காரர் மூடியிருந்தார்கள். அவ்வளவுதான். அவளுக்கு ஐந்து வயது.

செத்தவீட்டுப் படங்களை வெளிநாட்டிலிருக்கும் சொந்தத்துக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். மேரிசெலின் ஒரேயொரு படம் அனுப்பினாள். சிலுவை நட்ட ஒரு சின்ன மண்மேடு. அதன் பின்புறத்தில் எழுதியிருந்தாள்: “நான் தெரிஞ்சுதான் அனுப்புறன். இவளையெண்டாலும் உங்களோடை வைச்சிருங்கோ.”

அவன் துறைமுகத்துக்கு ஓடினான். நங்கூரம் கிடந்த இடத்தில் சிலுவை நின்றது, அதன் அடியில் பேசாலை மணலோடு மேடும் வந்திருந்தது. உயிரோடு இருந்தவரை வரமுடியாத பிள்ளை இப்போது ஒருவரிடமும் கேட்காமல் வந்துவிட்டாள். அவன் ஜாக்கெட்டைக் கழற்றி மேட்டின்மேல் போர்த்தினான். குணசேகரம் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

பிறகு கோப்புகள் அசைந்தன. மேரிசெலினும் கிளோறியாவும் வந்தார்கள். இன்னும் சில வருடத்தில் அந்த விண்ணப்பங்களை மூலையில் போட்ட கதை வெளியே வந்து அரசாங்கமே கவிழ்ந்தது. ஊரிலிருந்து வந்த அன்றே, ரயிலால் இறங்கிய கையோடு, அவன் வழிகாட்ட முன்னமே மேரிசெலின் துறைமுகத்துக்கு நடந்தாள். மேட்டைத் தடவிக்கொண்டு கேட்டாள்: “அப்பாவோடை இருந்தனியோ, பிள்ளை?”

நகரத்தின் சுற்றுலா வரைபடத்தில் அந்த மேடு இப்போது ஏழாம் இலக்கம். எவ்வளவு பனி கொட்டினாலும் அதன்மேல் தங்குவதில்லை. சைக்கிளில் போகிறவர்கள் விலத்திப் போகிறார்கள்.