லேபிள் விழாத பெட்டி

என் மகன் எஸ்றாவை ஒளித்து வைக்க வேண்டுமாம். சொல்கிறவள் என் புருஷனின் அக்காள், மெட்டில்டா மதினி. அவள் மகள் ஜெனிஸை நிச்சயம் செய்ய ஞாயிற்றுக்கிழமை கொச்சியிலிருந்து மதினிக்கும் என் புருஷனுக்கும் மூத்த அண்ணன் குடும்பம் வருகிறது. அண்ணன் மகன்தான் மாப்பிள்ளை.

"ஏளா ரீனா, பிள்ளையத் தூக்கிட்டு ரெண்டு நாளு மணப்பாட்டுல உங்க அம்மை வீட்டுல இரு. ரத்தத்துல என்சைம் எக்கச்சக்கமா இருக்கு, சரியாயிரும்னு அவுககிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

எஸ்றாவுக்கு மூன்று வயதுதான்; அதற்குள் விரல்கள் மடங்கி இறுகிவிட்டன. பள்ளிக்கூடம் போகும் வயது வரை இருப்பானா என்பதே சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எத்தனை நாள் இருந்தாலும் அவன் என் பிள்ளை. நான் எங்கும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் புதுச்சட்டை போட்டு, மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தேன். கொச்சி அண்ணன் அவன் கையையே பார்த்தார்.

"ரத்தத்துல என்சைம் நெறைய இருக்குங்கதுதான் அண்ணாச்சி சீக்கே, சரியாவுற சங்கதியில்ல" என்றேன். "நான் இறால் கம்பெனியில பெட்டிக்கு லேபிள் ஒட்டுதவ. நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அப்படி ஒரு பேக்கிங் செக்சன் இருக்கு. கோல்கின்னு பேரு. குப்பைய அரைக்கிற என்சைம் அங்கன வந்து, லேபிள் விழுந்து, உள்ள அரைக்கிற எடத்துக்குப் போவணும். இவனுக்கு அந்த லேபிள் விழல. சரக்கு பூரா வெளிய ரத்தத்துக்குப் போயிருது. உள்ள குப்பை அப்படியே சேருது."

"வாய மூடுளா" என்றாள் மதினி.

"மூட மாட்டேன். இந்தக் கோளாறு அப்பன்கிட்ட பாதி, ஆத்தாகிட்ட பாதின்னு வரும். நானும் ஒங்க தம்பியும் சொந்தத்துல கட்டினோம். ஒங்க தம்பிகிட்ட இருக்கது ஒங்ககிட்டயும் அண்ணாச்சிகிட்டயும் இருக்கலாம். மாப்பிள்ளை, பொண்ணு ரெண்டு பேருக்கும் அது வந்திருந்தா, அவுகளுக்குப் பொறக்குற புள்ளைக்கும் இப்படி ஆவலாம். கல்யாணத்த நிறுத்தச் சொல்லல. புள்ளைக ரெண்டும் மொதல்ல ரத்தம் குடுத்துப் பாக்கட்டும்."

மதினி அழ ஆரம்பித்தாள், என் மகள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாயே என்று.

உள்ளறையிலிருந்து ஜெனிஸ் பட்டுச்சேலையோடு வந்தாள். என் மடியிலிருந்து எஸ்றாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எந்த ஆஸ்பத்திரி அத்தை?" என்றாள். "நாளைக்கே போவோம். இவனையும் கூட்டிட்டுப் போவோம்."