ஐந்து கட்டம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. புனைவு என்கிற பெருமையான பொருளில் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கண்ணில் கட்டுப் போட்டிருந்தவனிடம் சொன்ன சாதாரணப் பொய்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை ஓய்ந்திருந்த அந்தக் காலையில்...' மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

2

அண்ணன் வெல்டர். தீப்பொறி பட்டது ஒரு கண்ணில்தான். மற்றதற்கும் ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் இரண்டையும் கட்டிவிட்டார். தங்கை வேதியியல் பட்டதாரி, குடிநீர் ஆய்வகத்தில் வேலை. ஞாயிறு பேப்பரில் வரும் பெரிய குறுக்கெழுத்தை இருவரும் சேர்ந்து போடுவார்கள். கடைசிச் சொல் எப்போதும் அவனுக்குத்தான் சிக்கும். அன்று அவள் குறிப்புகளை வாசிக்க, அவன் கட்டிலில் சாய்ந்தபடி விடை சொன்னான்.

"பட்டம் வாங்கினவங்களும் கொஞ்சம் யோசிக்கலாம். ஒண்ணும் தப்பில்ல."

"பேசாம இருண்ணா. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். 'தரையில் நடக்கும் மேகம்.'"

"அட! எத்தனை கட்டம்?"

நான்கு. வாசிக்கும்போதே அவளுக்கு விடை வந்துவிட்டது.

"அஞ்சு" என்றாள்.

(இங்கே அவளுக்கு ஒரு காரணம் தரப் பார்த்தேன். ஆய்வகத்தில் திட்டு வாங்கினாள், இரவு சரியாக... இல்லை. ஒரு தடவை ஜெயிக்க ஆசை. அவ்வளவுதான்.)

3

அவன் யோசித்தான். டீயில் ஆடை படிந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"மூடுபனி!" என்றாள் அவள், அப்போதுதான் தோன்றியதுபோல.

அவன் விரல்களை மடக்கினான். நான்கு மடங்கின. கட்டைவிரல் நின்றது.

"பிரமாதம். பனியை எப்படி நடக்க விட்டிருக்கான் பாரு" என்றான். பிறகு மெதுவாக, "நாலுன்னுதான் சொன்னியா? நான்தான் தப்பா காதுல வாங்கிட்டேன் போல."

"ஆமாண்ணா" என்றேன்.

('என்றாள்' என்று இருக்க வேண்டும். விட்டுவிடுகிறேன்.)

4

இன்று அடுத்த ஞாயிறு.

"நீயே போடு குட்டி. கண்ணோட சேர்ந்து காதும் போச்சு எனக்கு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். கட்டங்கள் காலியாக இருக்கின்றன. பேப்பரின் ஓரத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் முடிவு: அவனுக்கு அன்றே புரிந்துவிட்டது, எனக்காக நடிக்கிறான். இரண்டாவது: உண்மையாகவே தன் காதைச் சந்தேகப்படுகிறான். இரண்டில் எது மோசம் என்று...

'அவள் எழுந்து போய் உண்மையைச் சொன்னாள்' என்று எழுதினால் கதை முடிந்துவிடும். அதை எழுதிவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கவும் என்னால் முடியும். அதனால் எழுதமாட்டேன். நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அவன் மன்னித்ததாக மட்டும் வேண்டாம். அவன் மன்னித்துவிடுவான். அது தெரிந்துதான் 'அஞ்சு' என்று சொன்னேன்.