வியாழக்கிழமை எதிரி

ஆட்டம் முடிய இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போது பெரிய கோச் பெஞ்சுப் பக்கம் திரும்பி, "வெளியூர், மேல்சட்டையக் கழட்டு. நீ போற" என்றார். தண்ணீர்ப் பாட்டில் கூடையோடு மைதான வாசலில் நின்றுகொண்டிருந்த நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். பதினோரு வருடமாக இந்தக் கால்பந்து கிளப்புக்குத் துணி துவைக்கிறேன். எவன் சாக்ஸைச் சுருட்டி எறிவான், எவன் தோற்ற அன்றைக்குச் சட்டையை மடித்துக் கொடுப்பான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் இவன் சட்டையை, அதாவது முதல் டீம் சட்டையை, நான் இதுவரை ஒருதரம்கூடத் துவைத்ததில்லை.

அவன் ரிசர்வ் டீம் ஆள். ஆறு வருடமாக அங்கேதான் கிடக்கிறான். முதல் டீமுக்குச் சனிக்கிழமை ஆட்டம் என்றால் வியாழக்கிழமை ஒத்திகை. அன்றைக்கு ரிசர்வ் டீம்தான் எதிரி. வரப்போகிற டீம் எப்படி ஆடுமோ அதே மாதிரி இவர்கள் ஆடிக்காட்ட வேண்டும். மஞ்சள் பனியன்களின் முதுகில் அந்த டீமின் நம்பர்களை நான் தைத்து வைப்பேன். மற்றவர்கள் கடனே என்று ஓடிவிட்டு வருவார்கள். இவன் அப்படி இல்லை. அந்த டீமின் முன்வரிசை ஆட்டக்காரனை மூன்று நாள் வீடியோவில் போட்டுப் பார்ப்பான். வியாழக்கிழமை வந்தால் அதே நடை, அதே தோள் சாய்ப்பு. கீழே விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரெஃப்ரியை ஓரக்கண்ணால் பார்க்கிற திருட்டுத்தனம் உட்பட எல்லாம் அப்படியே இருக்கும். வாராவாரம் வெளியூர் டீமாக வந்து நிற்பதால் பெயரும் வெளியூர் என்றே நிலைத்துவிட்டது. கேப்டன் பின்வரிசை ஆள் என்பதால் வியாழக்கிழமைகளில் அவருக்கு ஒரே வேலைதான்: வெளியூரை விடாமல் பிடிப்பது. ஆறு வருடமாக அவர் இவனை ஒட்டிக்கொண்டே ஓடியிருக்கிறார். நானும் கோட்டுக்கு வெளியே நின்று, "விடாதே, அவனப் புடி!" என்று கத்திக்கொண்டே இருப்பேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

போன வாரம் ரிசர்வ் கோச் அவனிடம் உடைத்துச் சொல்லிவிட்டார். வயது இருபத்தொன்பது. இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. முதல் டீமில் ஒரு ஆட்டத்திலாவது கால் பதிக்காவிட்டால் புது ஒப்பந்தம் கிடையாது. பிறகு எந்த கிளப் கூப்பிடும்? சொல்லி வைத்தாற்போல இரண்டு முன்வரிசைக்காரர்களுக்குத் தொடையில் பிடிப்பு, மூன்றாமவனுக்குக் காய்ச்சல். பெஞ்சில் இவனுக்கு இடம் கிடைத்தது. அவன் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆறு வயதுக் குட்டி அது. வியாழக்கிழமை ஒத்திகையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. படிக்கட்டில் என்னைப் பிடித்து, "அத்தை, எங்கப்பா எதிர் டீம்தானே?" என்று கேட்டது. "இன்னிக்கு நம்ம டீம்டி செல்லம்" என்றேன். நம்பாமல் பார்த்துவிட்டுப் போனது.

ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் சமநிலையில் நின்றது. உள்ளே போனவன் நன்றாகத்தான் ஓடினான். நடிப்பு ஒன்றும் இல்லை. தோளைச் சாய்க்காமல், கையை ஆட்டாமல், சொந்தக் காலால் ஓடினான். அவனுக்கென்று ஒரு ஓட்டம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் பந்து அவன் பக்கம் வரவே இல்லை. இருபது நிமிடம் சும்மா ஓடினான்.

கடைசி நிமிடங்களில் கேப்டன் நடுக்கோட்டருகே பந்தைப் பறித்தார். எதிர் டீமில் பாதிப்பேர் நம் பக்கமே மாட்டிக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்தில் நம் ஆள் ஒருவன், அவனைச் சுற்றி இரண்டு பேர். நடுவில் வெளியூர், கையைத் தூக்கிக்கொண்டு, தன்னந்தனியாக. கேப்டன் தலையைத் தூக்கினார். அவனைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு பந்தை இடது ஓரத்துக்கு அடித்தார். அங்கே நின்ற இரண்டு பேரும் சிரமமே இல்லாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் மொத்தமும் 'ச்சே' என்றது. சமநிலையிலேயே விசில் ஊதிவிட்டார்கள்.

நடைவழியில் பெரிய கோச் அவன் தோளைத் தட்டி, "நல்லா ஓடுன. பாக்கலாம்" என்றார். இந்த கிளப்பில் 'பாக்கலாம்' என்றால் என்ன என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

மற்றவர்கள் குளிக்கப் போனபோது அவன் சட்டையைக் கழற்றாமல் என் துவைக்கும் அறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த கூடைமேல் உட்கார்ந்தான்.

"அக்கா, நீங்க வாசல்லதானே நின்னீங்க? நான் தனியாத்தானே நின்னேன்?"

"ஆமாடா. தனியாத்தான் நின்னே."

"ஆஃப்சைடு இல்லையே?"

"இல்ல."

"அப்புறம் ஏங்க்கா?"

நான் மெஷினுக்குள் குனிந்துகொண்டேன். அதில் துணியே இல்லை.

கேப்டன் ஈரத்தலையோடு வந்து கதவருகே நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. "டேய், நான் உன்னப் பாத்தேன்டா" என்றார். "பாத்து, உனக்குத்தான் போடணும்னு நெனச்சேன். சத்தியமா. கால் கேக்கல. உன் மூஞ்சியக் கண்டாலே பந்த அந்தப் பக்கம் விடக்கூடாதுன்னு ஆறு வருஷமாப் பழகிடுச்சு. வேணும்னு செய்யலடா. தப்பு என்னுதுன்னு பெரிய கோச்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு."

எழுந்து ஒரு அறை விடுவான் என்று நினைத்தேன். விட்டிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவன் சிரித்தான். "அவ்ளோ நல்லாவாண்ணே நடிச்சிருக்கேன்?" என்றான். கேப்டன் முகத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "அவரை மட்டும் சொல்லாதடா. நீ கையத் தூக்குனதும் நான் வாசல்ல நின்னு என்ன கத்துனேன் தெரியுமா? விடாதே, அவனப் புடின்னு கத்துனேன். பக்கத்துல இருந்த டீம் டாக்டரு, யாரைப் புடிக்கன்னு கேட்டாரு." பாவி வாய். அவன் பந்துக்காகக் கையைத் தூக்கி நிற்கிறான், அவனுக்குச் சோறு ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்ட நானே அவனைப் பிடிக்கச் சொல்கிறேன்.

அவன் என்னையே பார்த்தான். கேப்டனிடம் சிரித்த மாதிரி என்னிடம் சிரிக்கவில்லை. மூலையில் தொங்கிய வலைப்பையிலிருந்து ஒரு பந்தை உருவிக்கொண்டு எழுந்தான்.

"வாங்க, ரெண்டு பேரும்" என்றான்.

மைதானத்தில் வெயில் இறங்கியிருந்தது. புல்வெட்டும் ஆள் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தவர், எங்களைப் பார்த்ததும் தண்ணீரைத் திறக்காமல் நின்றுகொண்டார். காலியான வரிசைகளில் அவன் மனைவி மட்டும் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் பந்தைக் கேப்டனின் காலடியில் உருட்டிவிட்டான்.

"எங்கேந்து அடிச்சீங்களோ அங்கியே நில்லுங்கண்ணே. அக்கா, நீங்க கோல்ல."

"நானா? எனக்கென்னடா தெரியும்?"

"சும்மா நில்லுங்க. யாராவது நிக்கணும்."

ரப்பர் செருப்போடு போய் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் மைதானம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவன் நடந்துபோய், அதே இடத்தில் நின்று, கையைத் தூக்கினான். நான் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டேன். தூரத்தில் கேப்டன் வெறுங்காலோடு பந்தை ஒருதரம் முன்னால் தள்ளிவிட்டு, தலையைத் தூக்கிப் பார்த்தார்.