01:20க்குப் போட்ட பூட்டு

பிரமிளாவுக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் போச்சு, தொண்டையில் சோறு இறங்காது. மலேசியாவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவளும் ஜபருல்லாவும்தான். அவள் நிரந்தரம், அவன் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா வேண்டாமா என்று புதன்கிழமைக்குள் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

திங்கள் காலை, பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் சர்வரில், மென்பொருள்களைப் புதுப்பிக்க apt upgrade என்று தட்டினாள். மற்ற பேக்கேஜ்களெல்லாம் சமர்த்தாகப் புது வெர்ஷனுக்கு மாறின. பிரிண்டருக்கான ஒன்று மட்டும் அசையவில்லை. மாறக்கூடாது என்று யாரோ அதற்கு ஹோல்டு போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த ஆபீசில் எல்லாருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. கேட்டால் "ஈசிலா" என்பார்கள். ஈசியாம், மண்ணாங்கட்டி! திருடனும் வீட்டுக்காரனும் ஒரே சாவியை வைத்திருந்தால் யாரைப் பிடிப்பது?

சர்வரின் பதிவைத் திறந்து தேடினாள். ஹோல்டு போட்டது போன செவ்வாய், 01:20. நடுராத்திரி ஒன்று இருபதுக்கு எந்த உத்தமன் உட்கார்ந்து வேலை பார்க்கிறான்? போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் ராத்திரியில் நுழைந்து, கம்பெனி சர்வரில் பிட்காயின் தோண்டிக்கொண்டிருந்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சர்வரைத் தொடுவது இரண்டே பேர்; அவள் இல்லையென்றால் அவன்தான். அன்றிலிருந்து ஜபருல்லா எது செய்தாலும் அவளுக்கு உறுத்தியது. போன் வந்தால் ஏன் மோட்டார் சைக்கிள் நிற்கும் இடம்வரை போய்ப் பேசுகிறான்? அவள் பக்கத்தில் வந்தால் ஏன் திரையை மாற்றுகிறான்? ஹோல்டைப் பற்றி நேராகக் கேட்டால் தடயத்தை அழித்துவிடுவான் என்று சுற்றி வளைத்தாள்.

"என்ன தம்பி, ராத்திரியிலயும் வேலை பாக்குறியோ?"

"ஐயோ, இல்லக்கா. வீட்டுக்குப் போனா லாப்டாப்பையே தொட மாட்டேன்."

பார், கூசாமல் எப்படிப் புளுகுகிறான்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதன்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டாள்: 'நடுராத்திரியில் ரகசியமாக சர்வரில் நுழைகிறார். நம்ப முடியாது.' மேனேஜர் மோகனராஜ் அன்று சாயங்காலமே ஜபருல்லாவைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்று சொல்லிவிட்டார்.

வியாழன் காலை அவள் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, பேக்கேஜைப் புது வெர்ஷனுக்கு மாற்றினாள். ஐந்து நிமிடம் ஆகவில்லை, கீழேயிருந்து போன். லேபிள் எல்லாம் வெள்ளைக் காகிதமாக வருகிறதாம். பெட்டிகள் குவிகின்றன, ஏர்போர்ட்டுக்குப் போகும் லோரி காத்து நிற்கிறது. பிரமிளாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஜபருல்லாதான் வந்து உட்கார்ந்தான். பழைய வெர்ஷனைத் திரும்ப ஏற்றினான், மறுபடியும் ஹோல்டு போட்டான். கீழே பிரிண்டர் ஓட ஆரம்பித்தது.

"புது வெர்ஷன் நம்ம பிரிண்டருக்கு ஒத்துவராதுக்கா. அதான் போன செவ்வாக்கிழமை காலையில பூட்டி வச்சேன். நீங்க மீட்டிங்ல இருந்தீங்க. குரூப்புல போட்டேனே, பாக்கலையா?"

காலையிலா? பிரமிளா அவனைத் தாண்டிக் குனிந்து பதிவைத் திறந்தாள். இப்போது அவள் கண்முன்னால் அவன் போட்ட ஹோல்டு, 02:35 என்று ஏறியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் 10:35.

எட்டு மணி நேரம். இரண்டு மாதம் முன்னால் இந்த சர்வரை நிறுவியது அவளேதான். மலேசிய நேரத்தை வைக்க மறந்துவிட்டாள். அது எட்டு மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்திலேயே (UTC) ஓடிக்கொண்டிருக்கிறது. 01:20 என்றால் இங்கே காலை 9:20. அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய்!

ஜபருல்லா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். "அக்கா, மேனேஜர் காரணமே சொல்லல. நான் என்ன தப்புப் பண்ணேன்னு உங்களுக்காவது தெரியுமா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "உன்னைப் பத்தி எழுதிக் கொடுத்தது நான்தான் தம்பி. நீ நடுராத்திரியில உள்ள நுழையிறேன்னு எழுதிட்டேன். சர்வர்ல நேரம் தப்பா இருந்துச்சு. தப்பு என்னோடது. இப்பவே மேனேஜர்கிட்ட போய்ச் சொல்றேன்."

அவன் கத்துவான் என்று நினைத்தாள். கத்தவில்லை.

"மூணு வருஷமா பக்கத்துலதானேக்கா உக்காந்திருக்கேன்," என்றான். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."